மாத்திரை மாறவில்லை, சிறுநீரகம் மாறிவிட்டது

பகலில் சும்மா இருக்கும் பாதம், படுத்தவுடன் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியத் தொடங்கும். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் புலம்பல் புதிதாக இருக்காது. பனடாலுக்குக் கேட்காது, தைலத்துக்கும் கேட்காது. அடிபட்ட வலியில், காயத்தைப் பற்றி நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. நரம்பு வலியில் பழுதானதே நரம்புதான். அதன் சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் தூண்டுதல் இல்லாமலே திறந்து, பொய்ச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். நாளடைவில் முதுகுத்தண்டு அவற்றைப் பெரிதாக்கவும் பழகிவிடும்.

இதற்குப் பலதுறை மருந்தகங்களில் பரவலாக எழுதித் தரப்படும் மருந்துகளில் ஒன்று கபாபென்டின். அதன் நெருங்கிய உறவு பிரகாபாலின். நரம்பு முனையில் இருக்கும் கால்சியம் வாயிலின் ஒரு பகுதியை இவை பற்றிக்கொள்ளும். உள்ளே போகும் கால்சியம் குறைந்தால், அடுத்த நரம்பைத் தூண்டும் குளூட்டமேட் சுரப்பும் குறையும். வலி தணியும், ஆனால் நரம்பு குணமாகாது. அதே வாயில்கள் மூளையெங்கும் இருப்பதால்தான் தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் கூடவே வருகின்றன.

எத்தனை பேருக்குக் கேட்கிறது? 2015இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, இந்த இரண்டில் ஒன்றைச் சுமார் 7 பேர் சாப்பிட்டால், மருந்தில்லாத வெறும் மாத்திரையால் கிடைப்பதற்கு மேலாக ஒருவருக்கு வலி பாதியாகக் குறைகிறது. நரம்பு வலிக்கும் தரப்படும் பழைய மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் வகையில் அந்த எண்ணிக்கை 4க்குச் சற்றுக் குறைவு. இப்படிப்பட்ட சோதனைகள் பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்துவிடும். நம் வீட்டுப் பெரியவர்களோ அதே மாத்திரையை ஆண்டுக்கணக்கில் போடுகிறார்கள். மருந்து தொடங்கியபோது 58 வயதில் இருந்த உடம்பா 70 வயதிலும் இருக்கும்?

கபாபென்டின் கல்லீரலில் சிதைவதில்லை. முழுக்கச் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 900 முதல் 3,600 மில்லிகிராம் வரை தரலாம். வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 முதல் 59 மில்லிலிட்டராக இறங்கிவிட்டால் உச்சம் 1,400தான். 15 முதல் 29க்குள் போனால் 700. நரம்பைக் கெடுத்த அதே நீரிழிவு சிறுநீரகத்தையும் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே மாத்திரையின் அளவு கூடாமலே ரத்தத்தில் மருந்து கூடுகிறது. பெரியவர் பகலில் தூங்கி வழிகிறார், குளியலறையில் தடுமாறுகிறார். வீட்டில் "வயசாகிவிட்டது" என்று சொல்லிவிடுகிறோம். நீண்டகால ஆபத்து என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். வயதானவருக்கு இடுப்பெலும்பு முறிவது சின்ன விஷயமில்லை.

கூட்டணி மருந்துகளிலும் கவனம் வேண்டும். டிராமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளோடு சேரும்போதும், மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் கபாபென்டினும் பிரகாபாலினும் சுவாசத்தை மந்தமாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் எச்சரித்தது. அமிட்ரிப்டிலினுக்கு வேறு குணம்: வாய் உலரும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் அடைக்கலாம், முதியவர்களுக்குக் குழப்பமும் வரலாம். 40 வயதில் நல்ல மருந்து. 75இல் தயங்க வேண்டிய மருந்து.

கபாபென்டினால் மறதி நோய் வரும் என்ற செய்தி இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முதுகுவலிக்காரர்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2025இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அப்படியொரு தொடர்பைக் காட்டியது உண்மைதான். ஆனால் தொடர்பு வேறு, காரணம் வேறு. அதிக வலி உள்ளவர்தான் அதிக மருந்து வாங்குவார்; அவர்தான் தூங்காமலும் நடக்காமலும் வெளியே போகாமலும் இருப்பார். அவையெல்லாம் மூளைக்கு நல்லதல்ல. இந்தச் சிக்கலைப் பதிவேடுகளை மட்டும் வைத்து முழுமையாகப் பிரிக்க முடியாது. வலியைச் சகித்துக்கொண்டு இருப்பதும் இலவசமல்ல என்பதைப் பயமுறுத்தும் செய்திகள் சொல்வதில்லை.

சில ஆபத்துகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். முகநரம்பு வலிக்குத் தரப்படும் கார்பமாஸெபின், ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரியும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். சிங்கப்பூரில் 2013 முதல், இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் ஆசிய வம்சாவளியினருக்கு முதலில் மரபணுச் சோதனை செய்வது வழக்கமான நடைமுறை. சீனர், மலாய்க்காரர்களைவிட இந்தியர்களான நம்மிடம் அந்த வகை குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை.

மருத்துவரைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை அதிகமில்லை. மருந்து இன்னும் வேலை செய்கிறதா? சிறுநீரகச் சோதனை முடிவுக்கு ஏற்ப அளவு சரியா? நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக எடுப்பவர் என்றால், பி12 அளவைப் பார்த்தாயிற்றா? மெட்ஃபார்மின் அந்த வைட்டமினைக் குறைக்கக்கூடும், அந்தக் குறையே பாதத்தை மரத்துப்போகச் செய்யும். அதற்கு வலி மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை.

பயந்துபோய் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிடுவதும் ஆபத்து. தூக்கமின்மை, பதற்றம், வியர்வை, சிலருக்கு வலிப்புகூட வரலாம். கபாபென்டினை நிறுத்துவதென்றால், குறைந்தது ஒரு வார அவகாசத்தில் படிப்படியாக அளவைக் குறைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டவருக்கு இன்னும் மெதுவாக, மருத்துவர் சொல்கிற வேகத்தில்.