இஞ்சி இழந்த முதல் எழுத்து

ஒரு மொழி தன் பழைய ஒலியைத் தொலைத்த பிறகும், அந்தச் சொல்லைக் கடன் வாங்கிய வேற்றுமொழியில் அது தங்கியிருப்பதுண்டு. எந்த எழுத்துச் சான்றும் இல்லாத காலத்து உச்சரிப்பை இப்படித்தான் ஓரளவு மீட்க முடிகிறது.

இஞ்சி இதற்கு அருமையான சான்று. பாலி மொழியில் அது 'சிங்கிவேர'. சமஸ்கிருதத்தில் 'ச்ருங்கவேர', கொம்பைக் குறிக்கும் 'ச்ருங்க' என்ற சொல்லோடு பின்னால் இணைத்துப் பார்த்ததால் வந்த வடிவம் இது. கி.பி. 1ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் 'ஜிங்கிபெரிஸ்' என்கிறார். பின்பாதி நம் 'வேர்' என்பது பார்த்தவுடன் தெரியும். முன்பாதியில்தான் விஷயம் இருக்கிறது. இன்றைய தமிழில் இல்லாத சகரம் முதலிலும், 'ஞ்ச்' வரவேண்டிய நடுவிடத்தில் 'ங்க்' ஒலியும் அங்கே இருக்கின்றன.

சகரம் வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டதா, தமிழில் உதிர்ந்ததா? இதற்கு, நடு இந்தியாவில் பேசப்படும் திராவிட மொழியான கோண்டி பதில் சொல்கிறது. நம் 'ஆறு' என்ற எண் அங்கே 'சாருங்', 'உப்பு' அங்கே 'சோவர்'. ஆகவே சொல்முதல் சகரம் உதிர்ந்தது தெற்கில்தான். 'ங்க்' என்பதற்கும் துணை உண்டு. இகர, எகரத்துக்கு முன் வரும் சொல்முதல் ககரம் தமிழில் சகரமாகியிருக்கிறது: கன்னடத்தில் 'கிவி', தமிழில் 'செவி', அங்கே 'கிரிய', இங்கே 'சிறிய'. இஞ்சியின் நடுவில் நடந்ததும் இதே வகை மாற்றம்தான் என்பது திராவிட மொழியியலார் தரும் விளக்கம். பாலிக்குப் போன சொல், இந்த இரண்டு மாற்றங்களுக்கும் முந்தியது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அசோகர் கல்வெட்டில் சேரர் 'கேரளபுத்ர' ஆவதும் இதே ககரம்தான். ஆனால் இதைக் கொண்டு, அன்றைய தமிழர் 'கேரர்' என்றே சொன்னார்கள் என முடிவு கட்டக் கூடாது. ககரம் மாறாத கன்னட நிலத்தின் வழியாக அந்தப் பெயர் வடக்கே போயிருக்கலாம். இடையில் நின்ற மொழி எது என்று கேட்காமல் எழுதப்படும் சொல்வரலாறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

அயலார் காதை எவ்வளவு நம்பலாம்? இன்றும் நாம் ஒலிக்கும் ழகரத்தை வைத்து அளந்து பார்க்கலாம். சோழரைக் கிரேக்கப் புவியியலாளர் தாலமி 'சோர' என ரகரத்தால் எழுதுகிறார். குஜராத்தில் உள்ள அசோகரின் கிர்னார் கல்வெட்டு டகரத்தால் 'சோட' என்கிறது. பாலியோ ளகரத்தால் 'சோள' என்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே தவறு. சேர்த்துப் பார்த்தால், நாவை வளைத்து, ரகரச் சாயலோடு, காற்றை அடைக்காமல் எழுப்பும் ஒலி தெரிகிறது. ஒரே சாட்சியை மட்டும் வைத்திருந்தால் ழகரத்தைக் கண்டுபிடித்தே இருக்க மாட்டோம்.

சேரர் துறைமுகமான முசிறியைக் கிரேக்கர் 'முஸிரிஸ்' என்று எழுதியபோது 'ஸீட்டா' (ஆங்கில z போன்றது) என்ற எழுத்தைப் போட்டார்கள். உஜ்ஜயினியின் ஜகரத்துக்கும் அதே எழுத்துதான். உடனே முசிறியின் சகரமும் ஜகரமாக ஒலித்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் குஜராத்துத் துறைமுகமான பருகச்சத்தின் (இன்றைய பரூச்) 'ச்ச' ஒலிக்கும் அவர்கள் ஸீட்டாவையே போட்டிருக்கிறார்கள். எனவே அந்த எழுத்து மட்டும் எதையும் நிறுவாது.

ஏடு படியெடுத்தவர்களின் கைப்பிழை தனிச் சிக்கல். கிரேக்க ஏடுகளில் தமிழகம் 'லிமிரிக்கே' என்று வருகிறது. லகரம் எங்கிருந்து வந்தது என்று ஒலிவிதி தேடுவது வீண்வேலை. டகரத்துக்கான கிரேக்க எழுத்து டெல்டாவின் (Δ) அடிக்கோடு விடுபட்டால் அது லகரத்துக்கான லாம்டா (Λ) ஆகிவிடும். பழைய ரோமானியச் சாலை வரைபடமான பாய்டிங்கர் வரைபடத்தில் 'டமிரிக்கே' என்றே இருக்கிறது.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, சமூக ஊடகங்களில் சுற்றும் 'அரிசியே கிரேக்க ஒருய்ஸா ஆனது' என்ற கூற்றைச் சோதியுங்கள் ('ஒருய்ஸா' என்பது அரிசிக்கான கிரேக்கச் சொல்). ரகரமும் அதை அடுத்த ஒலிகளும் ஓரளவு பொருந்துகின்றன. முதலில் வரும் ஒகரம் பொருந்தவில்லை. சமஸ்கிருத 'வ்ரீஹி', ஆப்கானிஸ்தானில் பேசப்படும் ஈரானிய மொழியான பஷ்தோவின் 'வ்ரிஜே' ஆகியவற்றின் தொடக்க வகரத்தை வைத்தால் அந்த ஒகரத்துக்குக் காரணம் கிடைக்கிறது. ஒருய்ஸாவில் வரும் ஸீட்டாவுக்கு நெருங்கிய ஒலியும் பஷ்தோ வடிவில் இருக்கிறது. அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பிந்திய தலைமுறையில் கிரேக்கத் தாவரவியலாளர் தியோபிராஸ்டஸ் நெற்பயிரைப் பற்றி எழுதுகிறார். அந்தப் படை வந்து திரும்பியது ஈரான் வழியாக. ஒலியும் காலமும் வழித்தடமும் ஈரானிய மொழி ஒன்றையே காட்டுகின்றன.