தீம்பொருள்: இனிப்பா, நஞ்சா?

இலங்கைத் தேயிலை மலைகளில் உள்ள ஹட்டனில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற தவணையில் ஒரு நாள் பலகையில் 'தீம்பொருள்' என்று எழுதிவிட்டு, இது என்ன என்று கேட்டேன். முன் வாங்கில் இருந்த பிள்ளை உடனே எழுந்தது.

"டெஸ்க்டொப்ல தீம் மாத்துறதுக்குப் போடுவாங்களே, அதுவா சேர்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணினிக்குக் கேடு செய்ய எழுதப்படும் மென்பொருளுக்கு, அதாவது மால்வேருக்கு, தமிழில் வைத்த பெயர் அது. ஒரு கலைச்சொல்லைப் பார்த்ததும் பாதியாவது விளங்க வேண்டும். இது விளங்காததோடு நிற்கவில்லை, வேறொன்றாக விளங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் இன்னொன்றும் உறைத்தது. ஆங்கில 'தீம்' கிடக்கட்டும், தமிழிலேயே 'தீம்' என்றால் இனிமை அல்லவா? தீந்தமிழ் என்கிறோம், தீஞ்சுவை என்கிறோம். பாலோடு சேர்ந்தால் தீம்பால், கனியோடு சேர்ந்தால் தீங்கனி. அந்தக் கணக்கில் பார்த்தால் தீம்பொருள் ஓர் இனிப்புப் பண்டம்!

சொல்லை ஆக்கியவர்கள் நினைத்தது அதுவல்ல என்பது தெரிகிறது. தீமையையும் மென்பொருளையும் ஒட்டி, நடுவில் கொஞ்சம் நறுக்கியிருக்கிறார்கள். அகராதியில் 'தீம்பு' என்றே ஒரு சொல்லும் உண்டு, கேடு என்று பொருள். தீம்பன் என்றால் பொல்லாதவன். ஆகவே இலக்கணம் தெரிந்தவர் இதைத் தாங்கிப் பேசலாம். ஆனால் தீம்பன் என்ற சொல்லை ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வரை யாரும் வாயில் எடுத்து நான் கேட்டதில்லை.

மூலச்சொல்லான மால்வேருக்கு வயது அதிகமில்லை. கணினி ஆய்வாளர் யிஸ்ராயேல் ராடாய் 1990இல், வைரஸ், வேர்ம், ட்ரோஜன் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும் என்று இதைக் கட்டினார் என்பார்கள். தீய நோக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலையும் சொஃப்ட்வேரின் வாலும் சேர்ந்தது. அந்தத் தலை லத்தீனில் 'கெட்ட' என்ற பொருளில் உள்ள சொல்லிலிருந்து வருகிறது. மலேரியாவில் இருப்பதும் அதே தலைதான். கெட்ட காற்றால் வரும் காய்ச்சல் என்று நினைத்து இத்தாலியர் வைத்த பெயர் அது. மலேரியா இந்த நாட்டில் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்துவிட்டது. அதன் தலை மட்டும் நம் லெப்டொப்பில் குடியிருக்கிறது. (தமிழில் 'மால்' என்றால் மயக்கம், திருமாலும் கூட. அதற்கும் இதற்கும் உறவில்லை.)

சரி, எங்கள் பக்கத்தில் மால்வேர் என்று யார் சொல்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைரஸ். கம்பியூட்டர் மெதுவாக ஓடினால் வைரஸ் அடிச்சிருச்சு. விளம்பரம் குதித்து வந்தால் வைரஸ். கரண்ட் போய் வந்து திரை கறுத்தாலும் வைரஸ்தான். தோட்டத்துத் தமிழ் வெளிச்சொல்லை விழுங்க எப்போதும் தயங்கியதில்லை. வெள்ளைக்காரன் லைன் என்ற தொழிலாளர் வரிசை வீட்டை லயம் ஆக்கினோம், பரேட் என்ற காலை ஆள்கணக்கெடுப்பைப் பெரட்டு ஆக்கினோம். இன்று அவற்றை யாரும் ஆங்கிலம் என்று நினைப்பதில்லை. வைரஸும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது, அதில் எனக்குக் கவலை இல்லை. நோயின் பெயரை வைத்ததும் நோய் மாதிரியே யோசிக்கத் தொடங்குகிறோமே, அதுதான் கவலை. காற்றில் வந்தது, நம் கையில் என்ன இருக்கிறது, கடையில் கொடுத்து ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று.

தேயிலைக்கு வரும் கொப்புள நோய் அப்படித்தான் வந்தது. 1946இல் இந்த மலைகளில் இறங்கிய பூசணம் அது, வித்துகள் காற்றில் பறந்து பரவும். கொழுந்து எடுத்தவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக் கணினிக்குள் வருகிறவற்றில் பெரும்பாலானவை காற்றில் வருவதில்லை, நாம் 'ஓகே' அழுத்தித்தான் வருகின்றன.

வைரஸின் பிறப்பைத் தேடிப் போனால் நோய்க்கு முன்னால் நஞ்சு நிற்கிறது. லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பாம்பின் நஞ்சு, வழவழப்பான கெட்ட நீர் என்று பொருள். வடமொழி விஷமும் அதுவும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். சிங்களத்தில் 'விஷ' என்பதும் அந்த வீட்டுப் பிள்ளைதான். பாம்பு கடித்தவரை "விஷம் ஏறிருச்சு" என்று தூக்கிக்கொண்டு ஓடுகிற நாம், அதே சொல்லின் லத்தீன் சகோதரனைத்தான் லெப்டொப்புக்கும் சொல்கிறோம். புகையிலைச் செடிக்கு வந்த ஒரு நோயை ஆராய்ந்த பெய்யெரிங்க் என்ற டச்சுக்காரர், 1898இல் நுண்ணிய நோய்க்காரணி ஒன்றுக்கு அந்தப் பெயரை இட்டார். கணினிக்கு அது வந்தது 1983இல். பிரெட் கோஹென் என்ற மாணவர், தன்னையே படியெடுத்து மற்ற நிரல்களில் ஒட்டிக்கொள்ளும் ஒரு நிரலை எழுதிக் காட்டினார். அதை வைரஸ் என்று அழைக்கலாம் என்று சொன்னவர் அவருடைய ஆசிரியர் லென் ஏடில்மன். வங்கிக் கணக்குகளைப் பூட்டப் பயன்பட்ட ஆர்.எஸ்.ஏ. மறையீட்டில் கடைசி எழுத்து இந்த ஏடில்மனுடையது. பூட்டுக்கும் திருடனுக்கும் ஒரே ஆள் பெயர் வைத்த கதை!

கணினி வைரஸுக்குத் தமிழில் 'நச்சுநிரல்' என்று வைத்தவருக்கு ஒரு கும்பிடு. நஞ்சு என்ற சொல் இன்னொன்றோடு சேரும்போது நச்சு ஆகும், இரும்பு இருப்புப்பாதை ஆவது போல. நிரல் என்றால் ஒழுங்கு, வரிசை. கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியது நிரல். கொழுந்து பறிக்க மலையில் வரிசையாக நிரை பிடிக்கிறோமே, அந்த நிரைக்கும் இதற்கும் வேர் ஒன்றே. நோயைத் தாண்டிப் போய், லத்தீன்காரன் முதலில் நினைத்த நஞ்சையே தமிழ்ச்சொல் தொட்டுவிட்டது. இன்னொரு வேடிக்கையும் அதில் ஒளிந்திருக்கிறது. நச்சுதல் என்றால் விரும்புதல். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விரும்பியவர்க்கு இனியவர், நஞ்சுக்காரர் அல்ல. திருக்குறளில் 1008ஆம் குறளில் இரண்டு நச்சும் சேர்ந்தே வரும். யாராலும் நச்சப்படாதவனுடைய செல்வம் ஊர் நடுவில் நச்சுமரம் பழுத்தது போல என்கிறார் வள்ளுவர். முன்னது விருப்பம், பின்னது விஷம்.

விருப்பத்தின் வழியாக விஷம் வந்த கதை என் வீட்டிலேயே உண்டு. பழைய லெப்டொப் ஒன்றை ஒரு கடையில் வாங்கினேன். எல்லா மென்பொருளும் இலவசமாகப் போட்டுத் தந்தார்கள். எனக்கும் ஆசை, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் சும்மா வைத்திருந்தாலே விசிறி இரையத் தொடங்கியது, உலாவியின் முதல் பக்கம் தானாக மாறியது. விண்டோஸோடு வருகிற அன்டிவைரஸான டிஃபெண்டரைத் திறந்து சோதித்தால் எல்லாம் பச்சை, கவலை இல்லை என்றது. அப்புறம்தான் அதன் உள்ளே விலக்குப் பட்டியல் என்று ஓர் இடம் இருப்பதைப் பார்த்தேன். இதைச் சோதிக்காதே என்று எதையாவது ஒதுக்கி வைக்கும் இடம். அதில் 'சி' டிரைவ் முழுவதும் இருந்தது. வாசலில் காவல்காரனை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் மட்டும் பார்க்காதே என்று சொல்லி வைத்தது போல. கிராக் செய்த, அதாவது பூட்டுடைத்த திருட்டு மென்பொருளோடு வரும் குறிப்பில் "அன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டவும்" என்று எழுதியிருக்குமே, அந்த வேலையின் மிச்சம் அது. அந்த வரியைக் கண்டால் மேலே போகவேண்டாம் என்று இப்போது பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

இப்படி நல்லது போல் வந்து உள்ளே ஆளை இறக்குவதற்கு ட்ரோஜன் என்று பெயர். கிரேக்கர் மரக்குதிரைக்குள் வீரரை ஒளித்து ட்ராய் நகருக்குள் விட்ட கதை. நமக்குக் கிரேக்கம் வரை போகத் தேவையில்லை. பெருங்கதை என்ற பழைய காப்பியத்தில், யானைப் பித்துப் பிடித்த உதயணன் என்ற அரசனைப் பிடிக்கப் பகை அரசன் பிரச்சோதனன் காட்டில் விட்ட எந்திர யானையின் வயிற்றிலும் வீரர்கள்தான் இருந்தார்கள். 'எந்திர யானை' என்று ஒரு கலைச்சொல் வந்தால் நான் முதலில் எழுதிப் பழகுவேன். வேர்முக்குத் தமிழில் புழு என்றே பெயர், விளக்கம் தேவையில்லை. நச்சுநிரல் இன்னொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு போகும், புழு யாரையும் ஒட்டாமல் தானே வலையமைப்பில் ஊர்ந்து போகும், அவ்வளவுதான் வேறுபாடு. 1988 நவம்பரில் மொரிஸ் என்ற மாணவர் விட்ட புழு ஊர்ந்தபோது அன்றைய சிறிய இணையம் திணறிப்போனது.

பென் டிரைவில் கோப்புறைகளெல்லாம் ஷோட்கட் ஆகிவிடுகிற தொல்லையை இங்கே அறியாதவர் குறைவு. கொமியூனிகேஷன் கடையில் வினாத்தாள் பிரதி எடுக்கக் கொடுத்து வாங்கினால் போதும். பயந்து ஃபோர்மட் பண்ணிவிடாதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டிருக்கும். ஷோட்கட்டை இரட்டைச் சொடுக்கு போடாமல், முதலில் டிஃபெண்டரால் பென் டிரைவைச் சோதித்துச் சுத்தம் செய்யுங்கள், பிறகு மறைந்தவற்றைக் காட்டும் ஓப்ஷனைப் போட்டுப் பாருங்கள். கோப்பின் பெயரில் கடைசி வால் தெரியும்படி வைத்துக்கொள்வதும் நல்லது. புகைப்படம் என்று நினைத்தது 'இஎக்ஸ்இ' என்று முடிந்தால் அது படமல்ல, ஓடும் நிரல்.

நஞ்சும் இல்லாமல் நல்லதும் இல்லாமல் ஓர் இனம் இருக்கிறது. ஏதோ ஒன்றை நிறுவும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார், 'கணினியை வேகமாக்குகிறேன்' என்று மிரட்டிக் காசு கேட்கும் கருவி. எல்லாவற்றையும் சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிட முடியாது, நாமே 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அழுத்தி அனுமதித்திருப்போம். இவற்றுக்கு ஆங்கிலத்திலேயே வேண்டாத மென்பொருள் என்றுதான் பெயர். எனக்கு இவை மழைக்கால மலையில் காலில் ஏறும் அட்டையாகத்தான் தெரிகின்றன. ஏறும்போது தெரியாது, கடிக்கும்போது வலிக்காது, இரத்தம் வடிவதைப் பார்த்துத்தான் தெரியும். அட்டைநிரல் என்று வைக்க ஆசைதான். ஆனால் ஒலி அட்டை, நினைவக அட்டை என்று கணினிக்குள் ஏற்கெனவே ஏகப்பட்ட அட்டைகள். ஆகவே 'வேண்டாநிரல்' போதும். மலைக்குப் போகிறவர்கள் சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொள்வது போல, டிஃபெண்டரிலும் இவற்றைத் தடுக்க ஒரு தனி ஓப்ஷன் இருக்கிறது. அதைத் திறந்துவிட வேண்டும்.

இந்தக் கூட்டம் முழுவதற்குமான பொதுப்பெயருக்கு, தீம்பொருளை விட்டுவிட்டு நான் 'கெடுநிரல்' என்று எழுதுகிறேன். தமிழ்ப் பாடம் எடுக்கும் நண்பர் மறுத்தார். கெடுநிரல் என்றால் கெட்டுப்போகிற நிரல் என்றும் ஆகுமே, பழுதான கோப்பு என்று பிள்ளை நினைத்துவிடாதா என்றார். நினைக்கலாம். ஆனால் கெடுமதி என்றால் கெட்டுப்போன மதி என்றா எடுக்கிறோம்? கெடுக்க நினைக்கும் மதி என்றுதானே. மால்வேரில் இருக்கிற அந்தத் தீய நோக்கம் 'கெடு'வில் இருக்கிறது, 'தீம்பொருளில்' தெரிவதில்லை.

அன்டிவைரஸுக்கு 'நச்சுமுறி' அழகான சொல். விஷமுறிவு மருந்து நமக்குப் புதிதல்ல. ஒரே குறை, முறி என்றால் கடித்த பிறகு கொடுப்பது. இந்த மென்பொருள் செய்வதோ பெரும்பாலும் வாசலில் நின்று மறிப்பது. இரண்டு நச்சுமுறிகளை ஒரே கணினியில் போடுவதும் வேண்டாம், ஒன்றை ஒன்று விஷம் என்று நினைத்துச் சண்டை பிடிக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் (அப்டேட்) 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. பழைய லெப்டொப் வைத்திருப்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும். டேட்டா தீர்ந்துவிடும் என்று இற்றைப்படுத்தலை நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அப்படியானால் இரவு டேட்டாவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

அடுத்த வகுப்பில் பலகையில் மூன்று சொற்களை எழுதினேன்: நச்சுநிரல், கெடுநிரல், வேண்டாநிரல். அதே பிள்ளை அதே வாங்கிலிருந்து எழுந்தது.

"அப்ப சோதனைப் பேப்பர்ல தீம்பொருள்னு வந்தா என்ன சேர் செய்றது?"

"மால்வேர்னு நினைச்சு பதில் எழுது" என்றேன்.