தெரிந்த சொல்தான் ஆபத்து

போன வாரம் இன்னொரு பிரதி திருத்த வந்தது. பொருளாதார வரலாறு, முந்நூற்றுச் சொச்சம் பக்கம், நன்றாக உழைத்துச் செய்த மொழிபெயர்ப்பு. நாலாவது அத்தியாயத்தின் தலைப்பு 'மக்காச்சோளச் சட்டங்கள்'. ஆங்கில மூலத்தில் 'கார்ன் லாஸ்', பிரிட்டனின் பழைய தானிய இறக்குமதிச் சட்டங்கள். பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். இந்த வருஷத்தில் மட்டும் இதே மக்காச்சோளத்தை மூன்றாவது தடவையாகத் திருத்துகிறேன்.

மொழிபெயர்த்த தம்பியிடம் போனில் கேட்டேன். "அக்கா, கார்ன்னா மக்காச்சோளம்தானே? தியேட்டர்ல பாப்கார்ன் விக்கிறாங்களே" என்றார்.

அது அமெரிக்கர்களின் வழக்கு. பிரிட்டனில் கார்ன் என்றால் தானியம், அவ்வளவுதான். ஒவ்வொரு வட்டாரத்திலும் எது முக்கிய விளைச்சலோ அதற்கு அந்தப் பெயர்: இங்கிலாந்தில் கோதுமை, ஸ்காட்லாந்தில் ஓட்ஸ். அமெரிக்கக் கண்டத்துப் பயிரான மக்காச்சோளத்தை ஆங்கிலேயர்கள் 'இந்தியன் கார்ன்' என்றார்கள். அமெரிக்காவில் நாளடைவில் முன்பாதி உதிர்ந்து, வெறும் கார்ன் என்றாலே மக்காச்சோளம் என்று ஆகிவிட்டது.

1815இல் பிரிட்டனில் வந்த கார்ன் சட்டம் சொன்னது இது: உள்நாட்டுக் கோதுமையின் விலை குவார்ட்டருக்கு 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்பனைக்கு விடக்கூடாது. (இந்தக் குவார்ட்டரும் கால் பங்கு இல்லை, 8 புஷல் கொண்ட தானிய அளவை. அதையும் ஒருவர் 'கால்' என்று போட்டிருந்தார்.) நிலம் வைத்திருந்தவர்களுக்கு லாபம், ரொட்டியை நம்பிப் பிழைத்த தொழிலாளிக்கு வயிற்றில் அடி. இங்கே மக்காச்சோளம் என்று எழுதினால், ரொட்டி விலைக்காக ஜனங்கள் ஏன் கொதித்தார்கள் என்று வாசகருக்கு எப்படிப் புரியும்? இன்னும் கேளுங்கள். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோயால் அழிந்தபோது, பிரதமர் ராபர்ட் பீல் அமெரிக்காவிலிருந்து நிஜமாகவே மக்காச்சோளம் வாங்கினார். 1846இல் கார்ன் சட்டங்களை ரத்து செய்ததும் அவர்தான். இரண்டும் ஒரே அத்தியாயத்தில் வருகின்றன. தம்பியின் பிரதியில் இரண்டுமே மக்காச்சோளம். அந்தப் பக்கங்களை இரண்டு தடவை படித்தேன், எது எது என்று எனக்கே பிடிபடவில்லை.

கஷ்டமான சொல்லுக்குத்தான் அகராதி, தெரிந்த சொல்லுக்கு எதற்கு என்கிற நினைப்பைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. தெரியாத சொல் உங்களை ஏமாற்றாது ஐயா. அது வந்தால் நிற்பீர்கள், தேடுவீர்கள், யாரையாவது கேட்பீர்கள். கார்ன், மீட், நைஸ், சில்லி மாதிரி இரண்டாம் வகுப்பில் படித்த சொற்கள்தான் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்று இறைச்சியைக் குறிக்கும் மீட், 1611இன் ஆங்கில விவிலியத்தில் பொதுவாக உணவு. நைஸ் ஒரு காலத்தில் முட்டாள் என்ற ஏச்சு. இன்று அசடு என்று பொருள்படும் சில்லிக்கு முதலில் இருந்த பொருள் பாக்கியம் பெற்றவன். எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது, உள்ளே ஆள் மாறிவிட்டார். நம் தொல்காப்பியத்தில் வரும் கிழவனை எவராவது வயதானவர் என்று ஆங்கிலத்தில் எழுதினால் நாம் சும்மா விடுவோமா? அங்கே கிழவன் தலைவன் அல்லவா, உரிமையுள்ளவன் அல்லவா? அதே மரியாதையை அடுத்தவர் மொழிக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அர்த்தம் தப்பினால் பாத்திரத்தின் மானமே போய்விடும். அதே 1815இன் கடைசியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வில், விருந்து முடிந்து திரும்பும் வண்டிக்குள் எல்ட்டன் என்ற பாதிரியார் எம்மாவிடம் 'மேக்கிங் வயலன்ட் லவ்' என்று ஒரு வரி வருகிறது. இன்றைய ஆங்கிலத்தில் படித்தால் அது பலாத்காரம். அன்றைய வழக்கில் லவ் செய்வதென்றால் காதல் மொழி பேசுவது. கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல், என்னைக் கட்டிக்கொள் என்று கெஞ்சுகிறார். அவ்வளவுதான் நடந்தது.

எண்ணும் இந்த ஆபத்துக்குத் தப்பாது. பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் பில்லியன் என்றால் லட்சம் கோடி. 1974இல்தான் பிரதமர் ஹரால்ட் வில்சன் இனி அரசுக் கணக்கில் பில்லியன் என்பது 100 கோடி என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அதற்கு முந்தைய புத்தகமாக இருந்தால் ஒரே சொல்லில் ஆயிரம் மடங்கு பிசகலாம்.

சரி, என்ன செய்வது? முதல் பக்கத்தைத் தொடுவதற்கு முன்னால் மூல நூல் எந்த வருஷம், எந்த நாடு என்று தாளின் தலையில் எழுதி வையுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு நூல் என்றால் சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியைத் திறங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1884இலிருந்து பகுதி பகுதியாக வந்து 1928இல் முடிந்த பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, ஒவ்வொரு பொருளும் எப்போது வழங்கியது என்று ஆண்டு போட்டு மேற்கோளுடன் காட்டும். கையடக்க அகராதியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். முதல் வரைவை இயந்திரத்தில் எடுக்கிறீர்களா, எடுங்கள், ஆனால் சரளமாக ஓடும் வாக்கியத்தைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், ஒரு வாக்கியம் உதைக்கிற மாதிரி இருந்தால் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ராத்திரி பத்து மணியானாலும் பரவாயில்லை, எனக்குப் போன் பண்ணுங்கள். அந்தத் தம்பி நேற்றுப் பண்ணினார், 'வான்ட்' என்ற சொல்லைப் பற்றி. இங்கே விருப்பமா, இல்லாமையா என்று கேட்டார். இல்லாமைதான்.