துப்பாக்கிக் கடையில் ‘டினைட்’ (மறுப்பு) வந்தால்: பழைய தடை உத்தரவு உள்ளவர்களுக்கு

டெக்சாஸிலிருந்து ஒருவர் அழைத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கிரீன் கார்டு உள்ளவர். வார இறுதியில் வேட்டைக்குப் போகும் நண்பர்களைப் பார்த்து அவரும் ஒரு துப்பாக்கி வாங்கப் போயிருக்கிறார். 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். கடைக்காரர் விவரங்களை எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்கு அனுப்பினார். சில நிமிடங்களில் ‘டினைட்’ என்று பதில் வந்தது. காரணம் கடைக்காரருக்கும் தெரியாது. அவருக்கு அதைச் சொல்லவும் மாட்டார்கள்.

“எனக்கு ஒரு கேஸும் கிடையாது மேடம். நியூ ஜெர்சியில இருந்தப்போ முதல் மனைவி ஒரு ரெஸ்ட்ரெய்னிங் ஆர்டர் வாங்கினாங்க. அது பதினாலு வருஷத்துக்கு முந்தி. டைவர்ஸே ஆயிடுச்சே!”

நியூ ஜெர்சியில் குடும்ப வழக்குகள் பார்க்கும் எனக்கு இது புதிய அழைப்பு இல்லை. அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். அந்தத் தடை உத்தரவை (மனைவியை நெருங்கவோ துன்புறுத்தவோ கூடாது என்று நீதிமன்றம் போடுவது) ரத்து செய்ததாக நீதிமன்றம் கொடுத்த தாள் இருக்கிறதா? இல்லை என்றார். அப்படியானால் அந்த உத்தரவு இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. துப்பாக்கி மறுக்கப்பட்டதும் அதனால்தான்.

நம்மவர்கள் பலர் தவறாக நினைப்பது இந்த இடத்தில்தான். நியூ ஜெர்சியில் விசாரணைக்குப் பிறகு தரப்படும் இறுதித் தடை உத்தரவுக்குக் காலாவதித் தேதி கிடையாது. மணமுறிவு அதை முடித்துவைக்காது, வேறு மாநிலத்துக்குக் குடிபோனாலும் அது கூடவே வரும். மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் காலக்கெடு உண்டு. உதாரணமாக, கலிபோர்னியாவில் குடும்ப வன்முறை உத்தரவை 5 ஆண்டு வரை தரலாம். ஆனால் எதிர்த்தரப்பு கேட்டால் அதை மேலும் 5 ஆண்டுக்கோ நிரந்தரமாகவோ நீட்டிக்க முடியும். ஆகவே பழைய உத்தரவு என்றாலே செத்துப்போன உத்தரவு என்று யாரும் தாமாக முடிவு கட்டிவிட வேண்டாம்.

கூட்டாட்சிச் சட்டம் எல்லாத் தடை உத்தரவுகளையும் ஒன்றாக நடத்துவதில்லை. துப்பாக்கித் தடை வருவதற்கு, உங்களுக்கு முறையாகத் தகவல் கொடுத்து, விசாரணையில் பேச வாய்ப்பும் தந்திருக்க வேண்டும். துணையையோ குழந்தையையோ துன்புறுத்தக் கூடாது, பின்தொடரக் கூடாது, மிரட்டக் கூடாது என்று உத்தரவு தடுத்திருக்க வேண்டும். அதோடு, உங்களால் அவர்களுக்கு உண்மையான ஆபத்து உண்டு என்று அதில் எழுதியிருக்க வேண்டும், அல்லது உடல்பலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுத்திருக்க வேண்டும். ஒருதலையாக உடனடியாகத் தரப்படும் தற்காலிக உத்தரவு பொதுவாக இதில் வராது (மாநிலச் சட்டம் வேறு மாதிரி இருக்கலாம்).

‘வாய்ப்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நோட்டீஸ் கையில் வந்தும், வக்கீல் செலவு எதற்கு, இந்தியா போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விசாரணைக்குப் போகாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். போகாவிட்டாலும் வாய்ப்பு தரப்பட்டதாகவே கணக்கு. ‘குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, உத்தரவுக்கு மட்டும் சம்மதிக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கும் இதே நிலைதான்.

இந்தத் தடையே செல்லாது என்று வாதாடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அது சரியான தீர்ப்பு என்பதே என் கருத்து. உத்தரவு வாங்கிய பிறகும் இரவில் தூங்க முடியாத பெண்களை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

சரி, உத்தரவு நிஜமாகவே முடிந்த பிறகும் மறுப்பு வந்தால்? அப்படியும் நடக்கிறது. என்னிடம் வந்த இன்னொருவர் மீது வேறு மாநிலத்தில் இருந்த ஐந்தாண்டு உத்தரவை, எதிர்த்தரப்புப் பெண்ணே கேட்டு இரண்டாம் ஆண்டில் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அந்தச் செய்தி காவல்துறைக் கணினிக்குப் போகவே இல்லை. தேசியப் பதிவேட்டில் ஏற்றிய அலுவலகம்தான் பதிவை நீக்கவும் வேண்டும். எஃப்.பி.ஐ.க்கு எத்தனை கடிதம் எழுதினாலும் மூலப் பதிவு அப்படியேதான் கிடக்கும். ரத்து உத்தரவின் சான்றளித்த நகலை வாங்கி, பதிவை ஏற்றிய அலுவலகத்துக்கு அனுப்பி நீக்கச் சொன்னோம். அப்புறம்தான் மேல்முறையீடு.

மறுப்பு வந்ததும் கடையில் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து எஃப்.பி.ஐ.யிடம் காரணம் கேட்டால் 5 வேலை நாட்களில் சொல்ல வேண்டும். மேல்முறையீடு செய்தால் 60 நாட்களுக்குள் முடிவு தர வேண்டும் என்று 2018 சட்டம் சொல்கிறது. சில மாநிலங்களில் சோதனையை மாநிலமே செய்கிறது, அங்கே மாநில அலுவலகத்துக்கு எழுதுவதுதான் வழக்கம். நியூ ஜெர்சியில் துப்பாக்கி வாங்கும் அட்டையையே மறுத்துவிட்டால் 30 நாட்களுக்குள் நீதிமன்ற விசாரணை கேட்க வேண்டும். அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

மேல்முறையீட்டோடு கைரேகையையும் அனுப்புங்கள். நம் பெயர்களுக்கு இது மிகவும் முக்கியம். அப்பா பெயர் கடைசிப் பெயராகிறது, ஒற்றைப் பெயர்க்காரருக்கு முதல் பெயர் தெரியாது என்று பதிவாகிறது, செந்தில்குமார்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனாலே வேறொருவருடைய உத்தரவு உங்கள் தலையில் விழலாம். படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயமில்லை, ஆனாலும் எழுதுங்கள். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாவிட்டால், உத்தரவே இல்லாமலும் மறுப்புதான்.

மறுப்புக்குப் பிறகு இன்னொரு கடையில் முயன்று பார்க்காதீர்கள். முதல்முறை ‘எனக்கு உத்தரவு இல்லை’ என்று அறியாமல் எழுதியிருக்கலாம். அடுத்தமுறை அப்படிச் சொல்ல முடியாது. தெரிந்தே பொய் எழுதினால் 10 ஆண்டு வரை சிறை. இப்போதைய மனைவி பெயரில் வாங்கிக்கொள்வதும் குற்றம்தான்.

டெக்சாஸ்காரருக்கு இருந்த ஒரே வழி, உத்தரவை ரத்து செய்யச் சொல்லி நியூ ஜெர்சி நீதிமன்றத்தில் மனு போடுவது. “நானே அவங்ககிட்ட பேசி ஒத்துக்க வைக்கிறேன்” என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்த ஒரு ஃபோனே உத்தரவை மீறியதாகும். கிரீன் கார்டு உள்ளவர், உத்தரவை மீறியதாக நீதிமன்றம் முடிவு செய்தால் நாடுகடத்தப்படவும் அது காரணமாகலாம். ரத்து மனுக்களுக்கு வழிகாட்டும், 1995-ல் வந்த நியூ ஜெர்சியின் கார்ஃபாக்னோ தீர்ப்பின்படி நீதிபதி 11 விஷயங்களைப் பார்ப்பார். அந்தப் பெண் சம்மதிக்கிறாரா, இன்னும் பயப்படுகிறாரா, உத்தரவு எத்தனை முறை மீறப்பட்டது, குடிப்பழக்கம் உண்டா, கவுன்சலிங் போனாரா என்பவை அவற்றில் சில. பழைய விசாரணையின் எழுத்துப்பதிவையும் தேடி எடுத்துக் கொடுத்தோம்.

நீதிமன்ற நோட்டீஸ் கிடைத்து முன்னாள் மனைவி வந்தார். பதினாலு வருடம் கழித்தும் அவர் குரல் நடுங்கியது. நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். சூழ்நிலை மாறினால் மறுபடி மனு போடலாம் என்று என் கட்சிக்காரருக்கு எழுதினேன். அதுவரை நண்பர்களோடு வேட்டைக்குப் போனாலும் அவர்களுடைய துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட வேண்டாம், வைத்திருந்தாலே 15 ஆண்டு வரை சிறை என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்தேன்.