கழுத்துக் கருப்பு அழுக்கு அல்ல

போன வருஷம் தைப்பூசக் காவடிக்கு இரண்டு வாரம் முன்னால், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் நான் வேலை செய்யும் ஃபார்மசிக்கு ஒரு தாயும் 15 வயது மகளும் வந்தார்கள். "அக்கா, இவ கழுத்துக்குப் போட நல்ல க்ரீம் ஒண்ணு குடுங்க. எவ்வளவு தேய்ச்சாலும் அழுக்குப் போக மாட்டேங்குது" என்றார் தாய். எலுமிச்சம்பழம், சமையல் சோடா, பீர்க்கங்காய் நார் என்று எல்லாவற்றாலும் தேய்த்துப் பார்த்துவிட்டார்களாம். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை. பள்ளிச் சட்டைக் காலரை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்கழுத்து கருத்துத் தடித்து, வெல்வெட் துணி போல இருந்தது. தேய்த்த இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

அது அழுக்கு இல்லை. மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பார்கள். உடம்பு இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காதபோது, கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் தோல் செல்களையும் தூண்டிவிடுகிறது. அவை வேகமாகப் பெருகுவதால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் தடித்துக் கருக்கிறது. பக்கத்திலேயே சின்னச் சின்ன மருக்கள் தொங்குவதும் பல நேரம் இதோடு சேர்ந்ததுதான். உள்ளே நடப்பதைச் சோப்பால் எப்படிக் கழுவ முடியும்? இத்தனை நாளும் குளிக்கத் தெரியாதவள் என்று திட்டு வாங்கிய பிள்ளை அவள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

விரலில் குத்திப் பார்த்ததில் அவளுக்குச் சர்க்கரை 5.6 (இங்கே லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்றுதான் கணக்கு). தாய்க்கு நிம்மதி. ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். சர்க்கரை அளவு சரியாக இருக்கக் காரணமே, கணையம் இரட்டிப்பு வேலை பார்ப்பதுதான். அது களைத்துப்போக வருஷங்கள் ஆகலாம். அதற்கு முன்பே கழுத்து நமக்குச் சொல்லிவிடுகிறது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, முகவாயில் முடி வளர்கிறதா என்றும் கேட்டேன். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் இதே வேரிலிருந்து வருவதுண்டு. அப்புறம் தாயைப் பார்த்தேன். கொண்டைக்குக் கீழே அதே கருப்பு. அவருக்கும் குத்திப் பார்த்தோம்: 14.1. அன்று மாலையே டாக்டரிடம் அனுப்பினேன்.

இந்த நாட்டில் நம் இந்திய வம்சாவளியினரிடம் சர்க்கரை நோய் மிக அதிகம். தாத்தாவுக்கு இருந்தது, ஆயாவுக்கு இருந்தது என்று சொல்லாத குடும்பம் சாட்ஸ்வர்த்தில் குறைவு. அதனால் கருத்த கழுத்தைப் பார்த்தால் க்ரீமுக்குமுன் ரத்தப் பரிசோதனைதான். வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டால், இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். கழுத்தைப் பார்க்கும்போதே இடுப்பையும் அளந்து பாருங்கள். நம் இனத்துப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டினாலே எச்சரிக்கைதான்.

க்ரீம் விஷயத்தில் தென்னாப்பிரிக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுவினோன் க்ரீமை வருஷக்கணக்கில் பூசியவர்களின் முகம், வெளுப்பதற்குப் பதிலாக நீலக்கருப்பாகித் தடிப்பதை 1975இல் இங்குள்ள மருத்துவர்களே எழுதிவைத்தார்கள். 1990இல் கொண்டுவந்த சட்டம் அழகுப் பொருட்களில் அந்த மருந்தைத் தடை செய்தது. தோலை வெளுப்பாக்கும் என்று விளம்பரம் செய்யவும் கூடாது என்றது. இருந்தும் லேபிள் இல்லாத டப்பாக்கள் இன்றும் கைமாறுகின்றன. சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அதை நாள்பட, நிறைய இடத்தில் பூசினால் தோல் மெலிந்துபோகும், மருந்து ரத்தத்திலும் கலந்து சர்க்கரையை ஏற்றும். இன்சுலினால் கருத்த கழுத்துக்குச் சர்க்கரையை ஏற்றும் க்ரீமா? தயவுசெய்து வேண்டாம்.

சரி, எதுதான் உதவும்? எடை குறைவதுதான். 2002இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இலக்கு வைத்தார்கள். அவர்களில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அந்தத் தாயிடம் நான் கேட்டது இரண்டுதான்: வீட்டில் கூல்ட்ரிங்க் பாட்டிலை நிறுத்துங்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் மகளோடு நடங்கள். பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) வேண்டாம் என்று சொல்லவில்லை. பீன்ஸ் கறியை வைத்துக்கொண்டு ரொட்டியில் பாதியை விடச் சொன்னேன். இன்சுலின் இறங்கினால் கருப்பும் மெல்ல மங்கும். மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படக் கூடாது. அதுவரை கழுத்தைத் தேய்க்காமல், மணமில்லாத ஈரப்பூச்சு போட்டால் போதும்.

இன்னொன்று. ஒல்லியான, வயதான ஒருவருக்குக் கழுத்தும் உள்ளங்கையும் சில மாதத்திலேயே திடீரென்று தடித்துக் கருத்தால் அது வேறு கதை. உள்ளே புற்றுநோய் இருக்கலாம், உடனே டாக்டரைப் பாருங்கள்.

என் அப்பாவின் பழைய கல்யாணப் போட்டோவில் அவர் கழுத்துப் பட்டைக்கு மேலே அந்தக் கருப்பு தெரிகிறது. வெயிலில் வேலை செய்த நிறம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சர்க்கரை நரம்பைக் கெடுக்க, பாதத்தில் வியர்வை நின்று தோல் காய்ந்து, குதிகால் வெடித்தது. வலியே தெரியாததால் அவர் பார்க்கவில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் சர்க்கரை உள்ள யார் க்ரீம் வாங்கினாலும், செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டச் சொல்கிறேன். குதிகாலுக்கும் பாதத்துக்கும் தினமும் ராத்திரி பூசுங்கள். விரல் இடுக்கில் மட்டும் பூசாதீர்கள், ஈரம் தங்கிப் புண்ணாகும். குனிந்து பார்க்க முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.