தொங்கு பாலம் இல்லை, இழுவடப் பாலம்

மும்பையின் பாந்திரா–வொர்லி கடற்பாலம் பற்றிய தமிழ்க் காணொளி ஒன்றைப் போன வாரம் பார்த்தேன். படப்பிடிப்பு அருமை. ஆனால் பேசியவர் ஐந்து நிமிடத்துக்குள் நாலு தடவை 'தொங்கு பாலம்' என்றார். எத்தனை வருடமாகத்தான் இதைக் கேட்டுக்கொண்டிருப்பது? அது தொங்கு பாலமே இல்லை.

ஆங்கிலத்தில் அதற்கு 'கேபிள்-ஸ்டேய்டு பிரிட்ஜ்' என்று பெயர். கேபிள் லத்தீன் வழி வந்த சொல்; நம் வடம். 'ஸ்டே' என்பது பாய்மரம் சாயாதபடி இழுத்துக் கட்டும் கயிற்றுக்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த பெயர். 'தங்கு' என்று பொருள்படும் ஸ்டே வேறு, அது பிரெஞ்சு வழி வந்தது. வேர் இவ்வளவுதான்.

சரி, தொங்கு பாலம் எது? சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட். இரண்டு கோபுரங்களின் மேல் பெரிய வடங்கள் துணி காயப்போடும் கொடிபோலத் தொய்ந்து கிடக்கும். அவற்றின் முனைகளைக் கரையில் மாபெரும் கான்கிரீட் கட்டைகளில் பிணைத்திருப்பார்கள். அந்த வடங்களிலிருந்து நேர்கீழாக இறங்கும் கம்பிகளில் தளம் தொங்கும். ரிஷிகேசத்து லட்சுமண் ஜூலாவும் இந்த வகைதான். ஜூலா என்றால் ஊஞ்சல். அங்கெல்லாம் 'தொங்கு' பொருந்தும்.

பாந்திராவில் தொய்ந்த வடம் ஒன்றுகூடக் கிடையாது. 128 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து வடங்கள் சாய்வாக, விறைப்பாக, நேரே தளத்துக்கே வருகின்றன. கோபுரத்தின் இரு பக்கமும் 250 மீட்டர் தளம். ஒரு பக்கத்து இழுப்பை மறுபக்கத்து இழுப்பு சமன் செய்கிறது. கரையில் பிணைப்புக் கட்டை வேண்டியதில்லை.

"ரெண்டுமே கம்பியில்தானே நிற்கிறது, மக்களுக்குப் புரிந்தால் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதாது. இதுவும் தொங்கு பாலம் என்றால் கோல்டன் கேட்டை என்னவென்று சொல்வது? தமிழில் பொறியியல் படிக்கும் பிள்ளை இரண்டுக்கும் வேறுபாடு எழுதச் சொன்னால் என்ன எழுதும்?

'வடப் பாலம்' என்று சுருக்குகிறவர்களும் உண்டு. காதில் விழும்போது வடக்கே உள்ள பாலமோ என்று தோன்றும். அதோடு, வடம் தொங்கு பாலத்திலும் இருக்கிறதே! 'வடந்தாங்கு பாலம்' இதைவிட நல்ல ஆக்கம்; ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. சுமைதாங்கி சுமையைத் தாங்குகிறது. அப்படியானால் வடந்தாங்கு பாலம் வடத்தையல்லவா தாங்க வேண்டும்? இங்கே நடப்பது நேர் எதிர்.

மின்கம்பம் சாயாமலிருக்கத் தரையோடு இழுத்துக் கட்டிய கம்பியை ஊரில் ஸ்டே கம்பி என்போம், இழுவைக் கம்பி என்றும் சொல்வோம். பாலத்தில் உள்ளதும் அதே ஸ்டேதான். அந்த 'இழு' நம் கையில் இருக்கும்போது வேறெங்கே தேட வேண்டும்? இழு, வடம்: இழுவடம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. இழுவடப் பாலம் என்றால் இழுக்கும் வடங்களால் நிற்கும் பாலம். சொல்லே வேலையைச் சொல்லிவிடுகிறது.

அப்புறம் அந்தக் 'கடல் இணைப்பு'. இந்தப் பாலத்தின் ஆங்கிலப் பெயரில் வரும் சீ லிங்க் என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் போட்டுவிடுகிறார்கள். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, தொலைபேசி இணைப்பு என்று பழகிய காதுக்கு இது கடலடியில் ஏதோ கம்பி போட்ட மாதிரி இருக்கிறது. கடற்பாலம் என்ற சொல்லுக்கு என்ன குறை? மொழிபெயர்ப்பவர் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கடற்பாலத்தின் 5.6 கிலோமீட்டர் நீளத்தில் பெரும்பகுதி சாதாரணமாகத் தூண்கள்மேல்தான் போகிறது. ஆகவே முழுவதையும் இழுவடப் பாலம் என்பதும் சரியாகாது. அந்தக் காணொளியில் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "மாஹிம் சாலையின் நெரிசலைக் குறைக்க 2009-இல் திறந்த இந்தக் கடற்பாலத்தில், பாந்திரா பக்கம் ஒன்றும் வொர்லி பக்கம் ஒன்றுமாக இரண்டு இழுவடப் பாலங்கள் இருக்கின்றன."