ரவுட்டரைக் கழற்றுவதற்கு முன்

"மிஸ், இவனுக்குப் பகலும் கேம், இரவும் கேம். ரவுட்டரைக் கழற்றி என்ர அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டினன். என்னைத் தள்ளிப்போட்டு அலுமாரியை உடைக்கப் போயிட்டான்."

வெள்ளவத்தையில் நான் உளவளத்துணை செய்யும் அறையில் ஒரு தாய் சொன்னது இது. பக்கத்துக் கதிரையில் பதினாறு வயது மகன், தலையை நிமிர்த்தவே இல்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான். (யாரென்று தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன்.)

இந்த மாதத்தில் மட்டும் எனக்கு இது நாலாவது ரவுட்டர். ஒரு வீட்டில் ரவுட்டர் அலுமாரிக்குள், இன்னொரு வீட்டில் தகப்பனின் கார் டிக்கிக்குள், மற்றொன்றில் போன் சுவரில் பட்டுச் சிதறியிருந்தது. கதை எல்லா வீட்டிலும் ஒன்றேதான். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு அந்த இரவில் என்ன நடந்தது என்று பையனிடம் கேட்டேன். கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மச்சான் காத்துக்கொண்டு இருந்தவன்" என்றான். "மச்சானாம்! ஊர் பேர் தெரியாதவன் எல்லாம் இவனுக்கு மச்சான்" என்றார் தாய். நானும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொழும்பில் யார் யாரைத்தான் மச்சான் என்று கூப்பிடுவதில்லை?

என்ன கேம் என்று தாயிடம் கேட்டேன். "ஏதோ சண்டை பிடிக்கிற கேம்." அவருக்கு அவ்வளவுதான் தெரியும். உண்மையில் எனக்கும் அதற்குமேல் தெரியாது. இந்த வகைக் கேம்களைப் பற்றி வாசித்திருக்கிறேன், பட்டறைகளில் கேட்டிருக்கிறேன், பெற்றோர் கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். ஒருநாளும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அன்றிரவு போனேன்.

பையன் விளையாடியது வேறு கேம். நான் தெரிவு செய்தது ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். இலவசமாகத் தொடங்கலாம், போனிலும் ஓடும். 2001இல் இங்கிலாந்தில் தொடங்கிய ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவத்தை 2013இல் திரும்பத் திறந்திருக்கிறார்கள். மந்திரம், வாள், கோட்டை எல்லாம் உள்ள ஒரு கற்பனை உலகம். அதற்குள் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு வேடத்தில் நடமாடுவார்கள். இது நேற்று முளைத்த விசயம் என்று நினைக்காதீர்கள். இப்படிப் பலர் ஒன்றாக நடமாடும் கேம்களின் முன்னோடி ஒன்றை, படம் இல்லாமல் வெறும் எழுத்தில் ஓடுவதாக, இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 1978இலேயே எழுதிவிட்டார்கள்.

இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். முதலில் ஒரு தீவில் இறக்கிவிட்டார்கள். அங்கே இறால் பிடிக்கவும், மரம் வெட்டி நெருப்பு மூட்டி அதில் இறாலைச் சுடவும் பழக்கினார்கள். மா குழைத்துப் பாண் போட வைத்தார்கள். செம்பையும் தகரத்தையும் தோண்டி, உருக்கி, வெண்கலக் கத்தி அடிக்க வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் சண்டை, அதுவும் ஒரு எலியோடு. "சண்டை பிடிக்கிற கேம்" என்று கேட்டுவிட்டுப் போன எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

தீவை முடித்து லம்பிரிட்ஜ் என்ற ஊருக்கு வந்தால், கோட்டைச் சமையல்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். பிரபுவின் பிறந்தநாளுக்குக் கேக் போட முட்டை, பால், மா வேண்டுமாம். முட்டை கோழிப் பண்ணையில் கிடைத்தது. பாலுக்கு வாளியோடு மாட்டிடம் போனேன். மாவில்தான் மாட்டிக்கொண்டேன். வயலில் கோதுமையைப் பிடுங்கி, காற்றாலையின் மேல் மாடிக்கு ஏறி, தொட்டியில் கொட்டி, பிடியை இழுத்து, பிறகு கீழே இறங்கி மாவை அள்ள வேண்டும். இழுத்தேன், இறங்கினேன், அள்ளுவதற்குப் பானை இல்லை. என்ன குறை என்றே விளங்காமல் மேலும் கீழுமாக நாலு தரம் ஏறி இறங்கியிருப்பேன்.

அப்போது அங்கே நின்ற யாரோ ஒருவர், "பானை வேண்டும்" என்று எழுதினார். நான் பதில் எழுதி முடிப்பதற்குள் ஒரு பானையைத் தந்துவிட்டு நடந்து போய்விட்டார். எந்த நாடு, எத்தனை வயது, ஆணா பெண்ணா, எதுவுமே தெரியாது. அந்தக் கணத்தில் எனக்கு வந்த நன்றியை நான் மறைக்கப் போவதில்லை. நாள் முழுக்க மற்றவர்களின் கவலையைக் கேட்டுவிட்டு வந்த எனக்கு, கேட்காமலே ஒருவர் உதவியது மனதைத் தொட்டது. அடுத்த கணமே வயிற்றைக் கலக்கியது. பதினொரு வயதுப் பிள்ளைக்கும் இதே நன்றிதானே வரும்? தந்தவர் நடந்து போகாமல் "எந்த ஸ்கூல், வட்ஸ்அப் நம்பர் என்ன" என்று கேட்டிருந்தால்?

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லித்தான் பெற்றோரைக் கேட்கிறேன். உள்ளே இருப்பவர்கள் மனிதர்கள். அன்பும் அவர்களிடமிருந்துதான் வருகிறது, ஆபத்தும் அவர்களிடமிருந்துதான் வருகிறது.

நிமிர்ந்து பார்த்தபோது மணி ஒன்றாகியிருந்தது. ஒவ்வொரு திறமையிலும் 99 படிகள். இரண்டாம் படிக்கு வெறும் 83 புள்ளிகள் போதும். 99க்கு 1 கோடியே 30 இலட்சத்து 34 ஆயிரத்து 431 வேண்டும். 92ஆம் படிக்கு வந்தவர் பாதித் தூரம்தான் வந்திருக்கிறார். தொடக்கத்தில் சில நிமிடத்துக்கு ஒருதரம் படி ஏறும், ஏறும்போதெல்லாம் தலைக்கு மேல் வாணவேடிக்கை வெடிக்கும், ஒரு சின்ன இசை வரும். முன்னூறு பிள்ளைகள் இருக்கும் ரியூசன் மண்டபத்தில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு கணக்கு விளங்கிவிட்டால் அதை யார் கவனிக்கிறார்கள்? இங்கே ஒரு மரம் வெட்டினால் கவனிக்கிறார்கள்.

சரி, ரவுட்டருக்கு வருவோம். என்னை ஆகக் கூடக் களைக்க வைக்கும் வாசகம் இதுதான்: "நிப்பாட்டு எண்டு சொன்னால் நிப்பாட்ட வேண்டியதுதானே, கேம்தானே."

நிப்பாட்ட ஏலாது. தயவுசெய்து இதை ஒருக்கா வடிவாகக் கேளுங்கள். நீங்கள் சின்ன வயதில் விளையாடிய வீடியோ கேமில் நிறுத்திவைக்கும் பொத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடரலாம். இந்த உலகத்தில் அந்தப் பொத்தான் கிடையாது. உங்கள் பிள்ளை வெளியேறினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் மற்றவர்கள் உள்ளே நிற்கிறார்கள். அந்தப் பையன் ஒரு எட்டுப் பேர் குழுவில் ஹீலர். மற்றவர்கள் அடி வாங்க வாங்க அவர்களைக் குணப்படுத்துவது அவன் வேலை. அவன் திடீரென்று மறைந்தால் மற்றவர்கள் ஒவ்வொருவராக விழுவார்கள். ஒரு மணித்தியால உழைப்பு அப்படியே போகும். பந்து வீச ஓடி வரும்போது விக்கெட் காப்பாளரை மைதானத்திலிருந்து இழுத்துக்கொண்டு போவீர்களா? போனால் அவனுடைய அணி அவனை அடுத்த மச்சுக்குக் கூப்பிடுமா? கேமை மட்டும் நிறுத்தினோம் என்று நினைக்கிறீர்கள். பிள்ளையைப் பொறுத்தவரை ஏழு பேருக்கு முன்னால் அவனை வாக்குத் தவறியவனாக ஆக்கியிருக்கிறீர்கள். அதனால்தான் அந்தக் கோபம் அவ்வளவு பெரிதாக வருகிறது.

கோபத்துக்குக் காரணம் சொல்கிறேன், கை நீட்டியதற்கு நியாயம் சொல்லவில்லை. தாயைத் தள்ளியது தள்ளியதுதான். அதைப் பையனோடு தனியாகக் கதைத்தேன், இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாம் முறை வந்தபோது, நானும் ஒரு கேமுக்குள் போனேன் என்று பையனிடம் சொன்னேன். பானைக் கதையைக் கேட்டதும் முதன்முதலாகச் சிரித்தான். அப்புறம் கதைக்கத் தொடங்கினான், மழை மாதிரி. அப்போதுதான் கேட்டேன், யார் அந்த மச்சான் என்று. லண்டனில் இருக்கும் தன் மாமாவின் மகன் என்றான். தாயின் சொந்த அண்ணாவின் பிள்ளை. முறைப்படியே மச்சான்! மூன்று வருடமாக இருவரும் ஒரே குழுவில். வீட்டுப் பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் "சாப்பிட்டாச்சா, குளிரா" என்று கேட்டு வைத்துவிட, பிள்ளைகள் தங்கள் உறவை வேறு இடத்தில் வளர்த்திருக்கிறார்கள். தாய் கொஞ்ச நேரம் ஒன்றுமே சொல்லவில்லை. பிறகு, "அண்ணான்ர மகனோ?" என்று மட்டும் கேட்டார்.

நடுச்சாமக் கணக்கும் அதோடு விளங்கியது. லண்டனில் இரவு எட்டு மணி என்றால் கொழும்பில் கோடைகாலத்தில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. பிள்ளை கெட்டுப்போய் விழித்திருக்கவில்லை. மச்சானின் மாலை நேரத்துக்காக விழித்திருக்கிறான். ஆனால் பள்ளிக்கூட வான் காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கும். அந்த நித்திரைக் கடனோடு எந்தப் பிள்ளைக்கும் படிப்பு ஏறாது. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"அடிமை" என்ற சொல்லையும் கொஞ்சம் கீழே வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்ற ஒன்றை 2019இல் தன் நோய்ப் பட்டியலில் ஏற்றியது, 2022 ஜனவரியில் அந்தப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விடக் கேமே முக்கியமாவது, கேடு வந்தபின்னும் தொடர்வது, இதனால் வாழ்க்கையே பாரதூரமாகக் குலைவது என்று பார்க்கிறார்கள். அதுவும் சாதாரணமாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். லீவில் இரண்டு கிழமை ஓயாமல் விளையாடியதற்குப் பெயர் நோய் இல்லை. என்னிடம் வந்த பல பிள்ளைகளில் கேமுக்கு முன்பே வேறு ஏதோ ஒன்று தொடங்கியிருந்தது. பள்ளியில் கேலி, வீட்டில் சண்டை, யாரும் பெயர் வைக்காத மனச்சோர்வு. கேம் அவர்கள் ஒளித்துக்கொண்ட இடம். ஒளித்த இடத்தை மட்டும் இடித்தால் பிள்ளை எங்கே போகும்? தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில், கீழே விளையாட ஒரு துண்டு நிலமும் இல்லாமல், ஒழுங்கையின் முடிவில் றெயில் பாதைக்கு அப்பால் கடல் தெரியும் வீட்டில் வளரும் பிள்ளையிடம் "வெளியில போய் விளையாடு" என்று சொல்வது சுலபம்.

"சீனாவில தடை செய்திட்டாங்களாமே மிஸ்" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். தடை இல்லை. 2021இல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை என்று மட்டுப்படுத்தினார்கள். நீங்கள் உங்கள் வீட்டு ஒழுங்கைப் பாருங்கள்.

ஒழுங்கு வைப்பதென்றால் தொடங்குவதற்கு முன் வையுங்கள், நடுவில் வேண்டாம். "இண்டைக்கு என்ன செய்யப் போறாய், எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளைக்கு அது நிமிடக் கணக்கில் தெரியும். முடிந்ததும் எழும்ப வேண்டும், அடுத்ததைத் தொடங்கக் கூடாது. பள்ளி நாட்களில் பத்து மணிக்குப் பிறகு போன் உங்கள் அறையில், உங்களுடைய போனும் சேர்த்து.

உங்கள் வங்கி அட்டை இலக்கத்தைப் பிள்ளையின் கணக்கில் பதிந்து வைக்காதீர்கள். எத்தனை தரம் சொல்வது! காசு கொடுத்துத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும் லூட் பொக்ஸ் பெட்டிகள் சில கேம்களில் உண்டு. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் காசுக்கு விற்கும் அப்படியான பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொன்னது. நம் வீட்டில் அதைப் "பிள்ளை ஏதோ வாங்கினவன்" என்கிறோம்.

கடவுச்சொல் யாருக்கும் இல்லை, உயிர்ச் சிநேகிதனுக்கும் இல்லை. "உன் தங்கத்தைத் தா, இரட்டிப்பாக்கித் தாறன்" என்று சந்தை நடுவில் கூவுபவர்களை நானே இரண்டாம் நாள் கண்டேன். முதலில் சின்னத் தொகையை இரட்டிப்பாக்கித் தருவார்கள், நம்பிப் பெரிய தொகையைக் கொடுத்ததும் காணாமல் போவார்கள். கொழும்பில் பெரியவர்களே பிரமிட் திட்டங்களில் காசைக் கட்டிவிட்டு அழுகிறோம், பிள்ளை ஏமாந்தால் திட்டாமல் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. கேமுக்குள் பழகியவர் கேமுக்கு வெளியே கூப்பிட்டால், அதாவது வேறு செயலியில் தனியாகக் கதைப்போம், படம் அனுப்பு, அம்மாவிடம் சொல்லாதே என்றால், அந்த நிமிடமே பிள்ளை உங்களிடம் வர வேண்டும். வந்தால் ரவுட்டர் போய்விடும் என்று பயந்தால் வரமாட்டான். அவ்வளவுதான் கணக்கு. தேவைப்பட்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள். பிள்ளை சோர்ந்துபோய், சாக வேண்டும் என்ற மாதிரிக் கதைத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது. அழைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்தத் தாய் தன் அண்ணாவுக்கு அழைத்திருக்கிறார். இப்போது சனிக்கிழமை லண்டனில் மதியம் பன்னிரண்டு, கொழும்பில் பின்னேரம் நாலரை, எட்டுப் பேரும் கூடுகிறார்கள். போன கிழமை ரியூசனுக்கு நேரமாகிவிட்டது என்று அறை வாசலில் நின்று, "இன்னும் எத்தனை நிமிசம்?" என்று கேட்டாராம். "பதினெட்டு." தாய் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறார். இருபதாவது நிமிடம் புத்தகப் பையோடு வந்து நின்றானாம்.